செதுக்கு மிஷினில் தாமரை இதழ் தள்ளிப் போகிறது: குற்றவாளி கெர்னலா?

உளிச்சத்தம் (காரைக்குடி)
திங்கள், இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக நிலையும் கதவும் செதுக்குகிறவர்கள். அப்பாவுக்கு இன்றும் உளியும் கொட்டாப்புளியும்தான். நான் இரண்டு வருடத்துக்கு முன் பழைய சிஎன்சி ரௌட்டர் (கணினி சொல்படி மரத்தைக் குடையும் மிஷின்) ஒன்று வாங்கிப் போட்டேன். கரடு வெட்டு மிஷினுக்கு, முகமும் விரலும் அப்பா கைக்கு என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மிஷினை ஓட்டுவது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கணினி. டெபியன் 12 லினக்ஸ், மிஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி நிரல், பேரலல் போர்ட் வழியாகப் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். நிலைக்கு மேல் இருந்த கஜலட்சுமிப் பலகை வெடித்துவிட்டது, அதே போல ஒன்று வேண்டும் என்றார்கள். பழைய தேக்கு உத்தரத்தை அறுத்துப் பலகை எடுத்தோம். அதில் இரண்டு பாழாகிவிட்டன. இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஒரு கணத்தில் இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் தள்ளிவிடுகிறது. அதற்குப் பின் வெட்டுகிற அத்தனை இதழும் அந்த 2 மில்லிமீட்டர் கோணலோடுதான். வயர், கப்ளிங், திருகு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பலகை விலையை இங்கே எழுதினால் அப்பா கண்ணில் படும், எழுதவில்லை.

லினக்ஸின் மையமான கெர்னலின் தாமதமாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதால், ஒரு வேலை குறித்த நேரத்தைவிட எவ்வளவு பிந்தி எழுகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினேன். சராசரி 4 மைக்ரோ செகண்ட். அருமையாகத்தானே இருக்கிறது?


பட்டாலை
திங்கள், இரவு 10.48

குறித்த கெடுவுக்குள் எழுந்துவிடும்படி மாற்றிய ரியல்டைம் கெர்னல் போட்டிருக்கிறீர்களா?


உளிச்சத்தம்
திங்கள், இரவு 11.05

போட்டேன். கணினியில் தனியாகச் செருகியிருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையின் ட்ரைவர் அதில் ஏறவில்லை, திரை கறுப்பாக நின்றது. சாதாரண கெர்னலுக்கே திரும்பிவிட்டேன். ரியல்டைம் இல்லை என்று லினக்ஸ்சிஎன்சி முரண்டு பிடித்தது, கட்டாயப்படுத்தி ஓடவிட்டேன். பூட் வரியில் முழு பிரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி அவசர வேலைக்கு இடம் கொடுக்கும் இடைமறிப்பு) கேட்டிருக்கிறேன். அது போதாதா?


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், காலை 6.30

தம்பி, மிஷின் முரண்டு பிடித்தபோதே அதன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. சராசரி என்ற எண்ணை முதலில் அழித்துவிடுங்கள். பலகையைப் பாழாக்கியது சராசரி அல்ல, உச்சம். அந்த வரியில் கடைசியாக ஓர் எண் இருக்குமே, அது எவ்வளவு?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் மோட்டார் சுற்றுக்கு 200 படி, எட்டாகப் பிரித்த மைக்ரோஸ்டெப், 5 மில்லிமீட்டர் புரியுள்ள திருகு என்று வைத்துக்கொள்வோம். கணினி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோஸ்டெப், ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டர் வேகத்தில் போனால் செகண்டுக்கு 8000 துடிப்பு. அதாவது 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு துடிப்பு தவறாமல் போயாக வேண்டும். லட்சம் முறை 4 மைக்ரோ செகண்டில் எழுந்துவிட்டு ஒரே ஒரு முறை 1000 மைக்ரோ செகண்ட் தூங்கினாலும், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தடுமாறிப் பிடியை விட்டுவிடும். கணினிக்கு அது தெரியவே தெரியாது. அதன் பேரேட்டில் வரவு சரியாக எழுதியாகிவிட்டது, சரக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதனால்தான் தள்ளியது தள்ளியபடியே கடைசி வரை போகிறது.

இன்னொன்று, எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? கணினி சும்மா இருக்கும்போதா?


உளிச்சத்தம்
செவ்வாய், காலை 7.15

இரண்டு நிமிடம், அக்கா. சும்மா இருக்கும்போதுதான்.


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், காலை 7.20

கல்யாணத்துக்கு முதல் நாள் காலியாக இருக்கும் பந்தியைப் பார்த்துவிட்டு இடம் தாராளம் என்று சொல்வதைப் போல இருக்கிறது. பெரிய கோப்புகளை நகலெடுங்கள், வீடியோ ஓடவிடுங்கள், ஜன்னல்களை இழுத்து ஆட்டுங்கள். அத்தனையையும் செய்துகொண்டே இரவு முழுவதும் சோதனை ஓடட்டும்.


இரவுப்பணி (பள்ளத்தூர், இப்போது சென்னை)
செவ்வாய், காலை 9.50

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் சர்வர் பக்கம் வேலை செய்கிறவன். எதற்கெடுத்தாலும் முழு பிரீஎம்ப்ஷன் போடு என்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு வேலையைப் பாதியில் பிடுங்கி இன்னொன்றைக் கொடுத்தால் கேஷ் (ப்ராசசர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நினைவகம்) குளிர்ந்துபோகும், பொதுத் தகவலின் பூட்டைப் பிடித்தவன் ஓரமாக உட்கார, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். டேட்டாபேஸ் ஓடுகிற இடத்தில் மொத்த வேலை குறைகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது.


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், மதியம் 1.10

உங்கள் பேச்சில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இடைமறிப்பு எந்தக் கணினியையும் வேகமாக்காது. பெரும்பாலும் கொஞ்சம் மெதுவாக்கும். அது விற்பது வேகத்தை அல்ல, வாக்கை. இத்தனை மைக்ரோ செகண்டுக்குள் வந்துவிடுவேன் என்ற வாக்கு. தச்சுப் பட்டறைக்கு வாக்கு வேண்டும், உங்கள் டேட்டாபேஸுக்கு மொத்தக் கொள்முதல் வேண்டும். இரண்டும் வேறு வியாபாரம்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 2.4 பதிப்பு வரைக்கும் லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைந்த வேலையை யாரும் பிடுங்க முடியாது. அதுவாக வெளியே வர வேண்டும், அல்லது தானாகத் தூங்கப் போக வேண்டும். உள்ளே நீண்ட பட்டியல் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தால், எவ்வளவு அவசரக்காரன் வந்தாலும் முகப்பிலேயே உட்கார வேண்டியதுதான். ஆண்ட்ரூ மார்ட்டன் போன்றவர்கள் அந்த நீண்ட ஓட்டங்களைத் தேடித் தேடி, நடுவில் 'யாராவது காத்திருக்கிறார்களா?' என்று கேட்கும் வரிகளைச் செருகினார்கள். ராபர்ட் லவ் கொண்டுவந்த பேட்ச் (கெர்னல் நிரலுக்கான திருத்தம்) வேறு வழியில் போனது. பல ப்ராசசர் உள்ள கணினிகளுக்காக, தொடக்கூடாத இடங்களைச் சுற்றி ஸ்பின்லாக் என்ற வேலி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அப்படியானால் வேலிக்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் பிடுங்கலாமே! ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் போதும். பூட்டும்போது ஒன்று கூட்டு, திறக்கும்போது ஒன்று கழி, பூஜ்யம் ஆனதும் காத்திருப்பவனை உள்ளே விடு. 2002இல் 2.5 வரிசையில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 வழியாக எல்லோர் கைக்கும் போனது. நான் கெர்னலுக்குள் படித்த யோசனைகளில் இவ்வளவு சிக்கனமானது இன்னொன்று இல்லை.

ஆனால் தம்பி கவனிக்க வேண்டியது, வேலிக்கு உள்ளே இன்னும் பிடுங்க முடியாது என்பதை. வன்பொருளின் அவசர அழைப்பான இண்டரப்ட் வந்தால் அதன் வேலை முடியும் வரையும் பிடுங்க முடியாது. பூட் வரியில் நீங்கள் கேட்ட முழு பிரீஎம்ப்ஷன் அவ்வளவுதான். வேலிக்குள் யார் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதற்கு அங்கே உத்தரவாதம் கிடையாது.

ரியல்டைம் பேட்ச் அந்த வேலிகளையே மாற்றிவிட்டது. பெரும்பாலான ஸ்பின்லாக்குகள், காத்திருப்பவன் தூங்கக்கூடிய மியூடெக்ஸ் என்ற பூட்டாக மாறின. இண்டரப்ட் வேலைகள் தனித்தனி த்ரெட்களாகி, அவற்றுக்கும் முன்னுரிமை எண் வந்தது. இங்கோ மோல்நார், தாமஸ் க்ளைக்ஸ்னர், ஸ்டீவன் ரோஸ்டெட் என்று பலர் ஏறக்குறைய இருபது வருடம் உழைத்தது. துண்டு துண்டாக உள்ளே போய், கடைசித் துண்டு 2024 செப்டம்பரில்தான் சேர்ந்தது, 6.12 பதிப்புக்காக. கடைசி வரை இழுத்தடித்தது எது தெரியுமா? திரையில் எழுத்தை அச்சிடும் பிரிண்ட்கே! அந்த இறுதிக் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி, வியன்னாவில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் கையில் நேரில் கொடுத்தார்கள். சீர்வரிசை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.


வண்ணக்கல் (ஆத்தங்குடி)
செவ்வாய், மதியம் 2.40

எங்கள் வீட்டில் பூக்கல் போடுகிறோம், அதை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்ற ஆரம்பித்தால், அச்சைத் தூக்கி, உலர் கலவை தூவும் வரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டோம். அதுதான் வேலியா? அப்படியானால் ரியல்டைம் கெர்னலில் ஊற்றுகிறவனைப் பாதியில் எழுப்புகிறார்கள். வண்ணம் ஓடிக் கலந்துவிடாதா?


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், மதியம் 3.05

நல்ல கேள்வி. நினைவகத்தில் இருக்கும் வண்ணம் ஓடாது, காயாது. பாதி ஊற்றிய கல் அப்படியே இருக்கும். பூட்டு அவன் பெயரிலேயே இருப்பதால் வேறு எவனும் அதைத் தொட முடியாது. தொட வந்தவன் வாசலில் நின்று காலாட்டாமல் போய்த் தூங்குவான். ஆனால் உண்மையிலேயே ஓடிவிடக்கூடிய வண்ணமும் சில இடங்களில் உண்டு. எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரின் உள்வேலை, வன்பொருளோடு நேராகப் பேசும் சில வரிகள். அங்கே மட்டும் பழைய ஸ்பின்லாக்கை 'ரா' என்ற பெயரில் விட்டுவைத்திருக்கிறார்கள். அவை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இருபது வருடச் சண்டையே.


இரவுப்பணி
செவ்வாய், மாலை 6.00

தூங்கக்கூடிய பூட்டு என்றவுடன் எனக்கு வேறொரு பயம். பூட்டை வைத்திருக்கிறவன் கடைநிலை ஆளாக இருந்தால்?


கண்டனூர்_நாதம்
செவ்வாய், மாலை 7.30

அதற்கு நான் பதில் சொல்கிறேன், போன மாதம் எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணத்தில் கண்டது. சாமான் அறைச் சாவி ஒரு சின்னப் பையன் இடுப்பில். நெய் வேண்டும் என்று தலைமைச் சமையல்காரர் நிற்கிறார். பையன் அறைக்குள் பாதி வேலையில் இருக்கிறான். வருகிற மாமா, சித்தப்பா எல்லாரும் 'தம்பி, வெற்றிலை வாங்கி வா', 'தம்பி, கார்க் கதவைத் திற' என்று அவனை விரட்டுகிறார்கள். அவனைவிடப் பெரியவர்கள், மறுக்க முடியவில்லை. ஆகக்கூடி, வீட்டிலேயே அவசரமான மனிதர் வெற்றிலைக்காகக் காத்திருக்கிறார்! மாமாக்களுக்கும் நெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கடைசியில் ஆச்சி வந்து, 'சாவி கையில் இருக்கும் வரைக்கும் இவனுக்கு யாரும் வேலை சொல்லக்கூடாது' என்றார்கள். நெய் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது.


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், இரவு 8.15

ஆச்சி செய்ததற்குப் பெயர் முன்னுரிமைக் கடன், பிரயாரிட்டி இன்ஹெரிடன்ஸ். காத்திருப்பவனின் தகுதி, பூட்டு வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாக வந்துவிடும். ரியல்டைம் கெர்னலின் மியூடெக்ஸ் இதைத்தான் செய்கிறது.

1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கும் இதே வெற்றிலைத் தொல்லை. வானிலைத் தகவல் திரட்டும் கடைநிலை வேலை ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. கருவிகளுக்கு நடுவே தகவல் போகும் பாதையான பஸ்ஸை நடத்தும் உயர்நிலை வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுவில் தகவல் தொடர்பு வேலை நீளமாக ஓடியது. குறித்த நேரத்தில் பஸ் வேலை முடியவில்லை என்று கண்டதும் கணினி தன்னைத் தானே மறுபடி துவக்கிக்கொண்டது, பல முறை. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளத்தில் இந்த முன்னுரிமைக் கடன் வசதி இருந்தது, அந்த மியூடெக்ஸுக்கு மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்தே அதைத் திறந்துவிட்டார்கள், சரியாகிவிட்டது.


கண்டனூர்_நாதம்
செவ்வாய், இரவு 9.00

என் பங்குக்கு ஒரு எதிர்ச்சொல். நான் கோயில் விழாக்களில் நாதஸ்வரம் பதிவு செய்கிறவன். செகண்டுக்கு 48000 ஒலி மாதிரி, ஒரு தடவைக்கு 128, அதாவது ஒவ்வொரு 2.67 மில்லி செகண்டுக்கும் ஒரு தடவை எழுந்தால் போதும். சாதாரண கெர்னலில் முழு பிரீஎம்ப்ஷனும், ஒலி நிரலுக்கு ஃபிஃபோ என்ற ரியல்டைம் முன்னுரிமையும் கொடுத்தேன். வைரவன்பட்டியில் மூன்று மணி நேரப் பதிவில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை. ஒலிக்காரர்கள் எல்லோரும் ரியல்டைம் கெர்னலுக்கு ஓட வேண்டியதில்லை.


தேவகோட்டை_அக்கா
செவ்வாய், இரவு 9.20

சரியான பேச்சு. உங்கள் கெடு மில்லி செகண்டில், தம்பியின் கெடு மைக்ரோ செகண்டில். ஃபிஃபோ கொடுப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த நிரல் சுழலில் மாட்டிக்கொண்டால் மற்ற எல்லாம் பட்டினி. வழக்கமான அமைப்பில் செகண்டுக்கு 0.95 செகண்ட்தான் ரியல்டைம் வேலைகளுக்கு, மீதி 0.05 மற்றவர்கள் பிழைத்துக்கொள்ள.


இரவுப்பணி
செவ்வாய், இரவு 10.10

என் தரப்பில் ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 6.13 கெர்னலில் லேசி என்று ஓர் இடைமறிப்பு முறை சேர்ந்திருக்கிறது. ரியல்டைம் வேலை வந்தால் உடனே பிடுங்கும். சாதாரண வேலைக்குச் சாதாரண வேலை என்றால் கெர்னல் கடிகாரத்தின் அடுத்த டிக் வரை பொறுக்கும். டிக் செகண்டுக்கு 250 என்றால் 4 மில்லி செகண்ட். இதைத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவோடு சண்டை தீர்ந்தது.


உளிச்சத்தம்
புதன், காலை 8.05

இரவு முழுவதும் ஓட்டினேன். உச்சம் 1,912 மைக்ரோ செகண்ட். எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிராஃபிக்ஸ் அட்டையைக் கழற்றிவிட்டேன், மதர்போர்டில் இருக்கும் திரை இணைப்பே போதும். ரியல்டைம் கெர்னல் ஏறிவிட்டது. இன்று இரவு மறுபடி.


உளிச்சத்தம்
வியாழன், காலை 7.40

உச்சம் 212. குறைந்திருக்கிறது, ஆனாலும் 125ஐத் தாண்டுகிறது. இருபது வருடம் உழைத்த கெர்னல் என்றீர்களே, அக்கா?


பட்டாலை
வியாழன், காலை 8.30

இதற்குத்தான் துடிப்பைக் கணினியில் உருவாக்காதே என்பது. தனி மைக்ரோகண்ட்ரோலரில் கொடுத்துவிட்டால் கெர்னல் என்ன செய்தால் நமக்கென்ன? பத்து நாள் படிக்க வேண்டிய பாடம் மிச்சம்.


தேவகோட்டை_அக்கா
வியாழன், காலை 9.00

பட்டாலை சொல்வது நியாயம்தான். துடிப்பை வன்பொருளே உருவாக்கும் அட்டை போட்டால் கணினி 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பேசினால் போதும். பணம் சேர்ந்ததும் செய்யுங்கள், தம்பி. ஆனால் இந்த 212 எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விடுவதற்கு எனக்கு மனம் இல்லை. அது கெர்னல் வேலையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கெர்னல்தான் வீட்டுக்காரர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் கீழே, மதர்போர்டோடு வரும் பயாஸ் என்ற நிரல் இருக்கிறது. எஸ்எம்ஐ என்று ஒரு குறுக்கீடு வந்தால் ப்ராசசர் கெர்னலைக் கேட்காமலே பயாஸ் எழுதிவைத்த வேலைக்குப் போய்விடும். விசிறி வேகம், வெப்பம், யுஎஸ்பி விசைப்பலகையைப் பழைய விசைப்பலகை போல நடிக்கவைப்பது, இப்படி. கெர்னல் இதைத் தடுக்க முடியாது, நடந்ததும் தெரியாது. கடிகாரம் மட்டும் தாவியிருக்கும்.

ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட் என்ற கருவியை ஓட்டுங்கள். ஒரு ப்ராசசரில் இண்டரப்டுகளை அடைத்துவிட்டு, கடிகாரத்தை விடாமல் படித்துக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த இரண்டு வாசிப்புக்கு நடுவே பெரிய இடைவெளி விழுந்தால் திருடன் வன்பொருள் பக்கம். டர்போஸ்டாட் என்ற நிரல் காட்டும் எஸ்எம்ஐ எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


உளிச்சத்தம்
வியாழன், மதியம் 12.20

பிடித்துவிட்டோம்! நிமிடத்துக்கு ஒன்று, ஏறக்குறைய 190 மைக்ரோ செகண்ட். ஒவ்வொரு தடவையும் எஸ்எம்ஐ எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது. எஸ்எம்ஐயை மொத்தமாக அணைக்க ஒரு வழி இருக்கிறது என்று படித்தேன். செய்துவிடவா?


தேவகோட்டை_அக்கா
வியாழன், மதியம் 12.25

வேண்டாம்! சில கணினிகளில் ப்ராசசர் கொதிக்காமல் காப்பதே அந்த வழிதான். மொத்தமாக அடைத்துவிட்டுக் கணினி புகைந்தால் என்னைத் திட்டுவீர்கள். பயாஸ் அமைப்புக்குள் போய், பழைய யுஎஸ்பி ஆதரவு என்று இருப்பதை மட்டும் அணையுங்கள். அடுத்து, ப்ராசசரின் ஆழ்ந்த தூக்க நிலைகளைக் கட்டுப்படுத்துங்கள். ஆழ்ந்து தூங்குகிறவனை எழுப்பவே நேரம் பிடிக்கும். பிறகு ஒரு ப்ராசசர் கோரை மட்டும் மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கி மிஷினுக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளவெடுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு 'எது சரிசெய்தது?' என்று இங்கே வந்து கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.


உளிச்சத்தம்
ஞாயிறு, மாலை 5.30

ஒவ்வொன்றாகவே செய்தேன். யுஎஸ்பி அணைத்ததும் 212 என்பது 38 ஆனது. தூக்க நிலையைக் கட்டுப்படுத்தியதும் 21. ப்ராசசர் கோர் ஒன்றை ஒதுக்கியதும் 13. இரண்டு இரவு, கோப்பு நகல், வீடியோ எல்லாவற்றோடும்.

நேற்று மூன்றாவது பலகை. நான்கு மணி நேர வெட்டு. நான் மிஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், சாப்பாடுகூட அங்கேயேதான் வந்தது. தாமரை இதழ் எட்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அப்பா வந்து விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது யானையின் துதிக்கைக்கு உளி வைத்திருக்கிறார்.


வண்ணக்கல்
ஞாயிறு, மாலை 6.10

பாழான இரண்டு பலகையை என்ன செய்தீர்கள்? எங்கள் அச்சுச் சட்டங்களுக்குத் தேக்குக் கைப்பிடி தேவைப்படுகிறது.


உளிச்சத்தம்
ஞாயிறு, மாலை 6.25

ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை அம்மா அரிவாள்மனை வைக்க எடுத்துக்கொண்டார்கள்.